மாமனார்... மலை... ஆட்டோமேட்டிக்!

அரியலூர்க்காரனிடம் போய் மலையில் கார் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான். எங்கள் ஊரில் மேடு என்றால் வேகத்தடை. பள்ளம் என்றால் சுண்ணாம்புக்கல் லாரி போன தடம். மற்றபடி தட்டையோ தட்டை! கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். அதில் நீந்தியதும் ஊர்ந்ததும் இன்றைக்குக் கல்லாகி மண்ணுக்குள் கிடக்கின்றன. கடலின் அடித்தரையில் குடியிருக்கிறவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?

ஆனால் எங்களுக்கும் மலைகள் உண்டு... தலைகீழ் மலைகள்! சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைத்தான் சொல்கிறேன். மேலே நின்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். படிப்படியாகச் சரிந்து இறங்கும் மண் பாதையில், தீப்பெட்டி மாதிரி டிப்பர் லாரிகள் காலியாக இறங்கிக் கல்லோடு ஏறி வரும்.

என் மாமனார் அந்தப் பாதையில் இருபது வருஷத்துக்கு மேல் இறங்கி ஏறியவர். அது போதாதென்று, சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்கும் போய் வந்தவர். கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. "எழுவதுக்கும் எழுவது மார்க் வாங்கினவன் மாப்ளே நான்" என்பார். 

இப்படிப்பட்ட மனிதரைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, நான் பச்சைமலைக்கு ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிப் போனேன். தைரியத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தவணை இன்னும் ஐம்பத்திரண்டு பாக்கி. வாங்கும்போது ஷோரூம் பையன் சொன்ன ஒரே உபதேசம், "டி-ல போடுங்க சார்... மறந்துடுங்க!" அன்றிலிருந்து நானும் மறந்துவிட்டேன். ஆபீஸ், வீடு, பெரம்பலூரில் அக்கா வீடு, ஜெயங்கொண்டத்தில் கல்யாணம்... எல்லாம் 'டி'தான்.

மாமனார் மட்டும் அதைக் கார் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. முதல் நாளே குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, ஒரு பெடலைக் காணோம்? கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார்.

"கிளட்ச் உள்ள இருக்கு மாமா. அதுவே மிதிச்சுக்கும்."

"யாரு மிதிப்பா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையில் மிதிப்பது ஒரு சின்ன மெஷின். ஏ.எம்.டி. என்கிறார்கள். சாதாரண கியர்பாக்ஸ்தான், சாதாரண கிளட்ச்தான். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை மட்டும் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. 2014-இல் மாருதி செலேரியோவில் இது வந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் சமாசாரம் என்பது போய், தவணை கட்டுகிற நம் மாதிரி ஆட்களின் வாசலுக்கும் வந்தது. விலை கூடின கார்களில் வேறு மாதிரி ஆட்டோமேட்டிக் இருக்கிறது. அதில் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் சுழன்று வேலை பார்க்கும். எதுவாக இருந்தாலும் ஷோரூம் உபதேசம் ஒன்றுதான். மறந்துடுங்க!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் புறப்பட்டோம். நான், மனைவி, எட்டு வயசுப் பையன், பின்னால் மாமனார். பெரம்பலூர் தாண்டித் துறையூர் சாலையில் திரும்பியதுமே வலது பக்கம் பச்சைமலை கூடவே வர ஆரம்பித்துவிட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெரம்பலூர், திருச்சி, சேலம் மூன்று மாவட்டமும் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கம் சின்ன வெங்காயக் கொல்லை, பருத்தி, மக்காச்சோளம். அந்தப் பக்கம் நீலமாக மலை. நெருங்க நெருங்க நீலம் கரைந்து பச்சையாகிறது. பேர் வைத்தவனுக்குக் கண் இருந்திருக்கிறது!

துறையூரில் இட்லி. பில்லைப் பார்த்தால் அது துறையூர் விலையாகத் தெரியவில்லை. விடுங்கள். அங்கிருந்து சோபனபுரம். அதைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பம்.

முதல் இரண்டு வளைவு ராஜா மாதிரி ஏறினேன். ஸ்டீயரிங்கை ஒரு கையால் சுற்றிக்கொண்டே கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தேன். அவர் காட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, மீட்டர் போர்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். வேகத்தைக் கணக்கெடுக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவில் வண்டி முழிக்க ஆரம்பித்தது. வளைவுக்காகக் காலை எடுத்தால் அடுத்த கியருக்குத் தாவுகிறது. மிதித்தால் 'ம்ம்ம்...' என்று யோசித்துவிட்டுப் பழைய கியருக்கு வருகிறது. அந்த ஒரு நொடி யோசனையில் வண்டி மூச்சை விட்டுவிடுகிறது. கவர்ன்மெண்ட் ஆபீசில் ஃபைல் நகர்கிற மாதிரி. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் நம் காலும் சக்கரத்தின் வேகமும்தான். எதிரே கொண்டை ஊசி வளைவு இருப்பது நமக்குத்தான் தெரியும்.

இப்படி யோசித்துக்கொண்டே ஏறும்போது எதிரே பஸ்! மலைச் சாலையில் இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே இருந்த சட்டம் இது. ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி கிளப்புவது பாடு என்பதுதான் காரணம். ஆனால் பஸ் பெரிசு, நான் சிறுசு. நான்தான் நின்றேன்.

பஸ் போனது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டு போவதற்குள் கார் பின்னால் உருள ஆரம்பித்தது! சமதரையில் பிரேக்கை விட்டால் தானாக முன்னால் நகருமே, அந்த நல்ல குணம் செங்குத்தில் செல்லுபடியாகவில்லை. பின்னால் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் இரண்டு பலாப்பழத்தோடு நிற்கிறார். "யோவ்... யோவ்..." என்றார். நான் பதறி ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியை அப்படியே அந்தரத்தில் பிடித்து நிறுத்தினேன். பெருமையாகவும் இருந்தது.

"மாப்ளே, மிதிச்சுப் புடிக்காதீங்க. கிளட்ச் தேயும். ஹேண்ட் பிரேக் போடுங்க" என்றார் மாமனார் அமைதியாக.

போட்டேன்.

"இப்ப லேசா ஆக்சிலேட்டர் குடுங்க. வண்டி முன்னால இழுக்குதா? மூக்கு தூக்குதா? ஆங்... இப்ப ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் கிளம்பியது. பலாப்பழக்காரர் முகத்தில் நிம்மதி. ஆட்டோமேட்டிக்கே ஓட்டாத மனிதர் இதைச் சொல்கிறார்! இப்போது வருகிற பல கார்களில், மேட்டில் பிரேக்கை விட்டதும் வண்டியை இரண்டு நொடி பிடித்து வைக்கிற வசதி இருக்கிறது. என்னுடையது அதற்கு முந்தின ரகம். அதாவது, விலையில் முந்தின ரகம்.

டாப் செங்காட்டுப்பட்டியை அடைந்தபோது காற்றே வேறு மாதிரி இருந்தது. மலையாளி என்று சொல்லப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். மரவள்ளிக் கொல்லை, முந்திரி மரம், எங்கே பார்த்தாலும் பலா. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஸ்வெட்டர் கடையும் கிடையாது, குதிரைச் சவாரியும் கிடையாது. அதுதான் அழகே! மங்களம் அருவியில் தண்ணீர் சுமாராக விழுந்தது. பையன் அதையே குற்றாலமாக நினைத்துக் குளித்தான். ஒரு பலாப்பழமும், ஒரு பை மரவள்ளிக் கிழங்கும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் மூன்றரைக்கு இறங்க ஆரம்பித்தோம்.

ஏறும்போது இவ்வளவு கூத்தடித்த கார், இறங்கும்போது வெண்ணெயாக இருந்தது. ஆக்சிலேட்டரையே மிதிக்க வேண்டாம். தானாகப் போகிறது. வளைவு வந்தால் பிரேக், தாண்டினால் லேசாகப் பிரேக், வேகம் கூடினால் இன்னும் கொஞ்சம் பிரேக். அதாவது, வலது கால் பிரேக்கிலேயே குடியிருந்தது. நான் பாட்டுக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஏழெட்டு வளைவு இறங்கியிருப்போம். "ஏங்க, ஏதோ கருகற வாசனை வரலை?" என்றாள் மனைவி.

"காட்டுல ஏதாவது எரிப்பாங்க."

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். வழக்கமாகப் பாதியில் பிடிக்கிற பெடல், பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது. கார் மெதுவானது, ஆனால் நான் கேட்ட அளவுக்கு இல்லை. வளைவில் எதிர்ப்பக்கம் வரை போய்த் திரும்பினேன். எதிரே யாரும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

"மாமா... பிரேக் சரியாப் புடிக்கலை."

சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்கவில்லை. மனைவி பையனை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மாமனார் மறுபடி நடுவில் தலையை நீட்டினார். பார்த்தது அதே மீட்டர் போர்டைத்தான்.

"நாலுங்குது மாப்ளே! ஏறும்போது ஒண்ணு, ரெண்டுன்னு மாறி மாறி வந்துச்சே... எறங்கறப்ப எதுக்கு நாலு? கொறைங்க!"

அப்போதுதான் விளங்கியது. காலையில் அவர் பார்த்தது வேகத்தை இல்லை, கியர் நம்பரை! எந்தக் கியரில் ஏறுகிறதோ, அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். இது லாரிக்காரர்களின் பாலபாடம். என் காரோ, நான் ஆக்சிலேட்டரை மிதிக்காததைப் பார்த்து, 'ஐயாவுக்கு அவசரமில்லை, பெட்ரோலை மிச்சம் பிடிப்போம்' என்று சமத்தாக நாலாவது கியருக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

லிவரைப் பக்கவாட்டில் 'எம்'முக்குத் தள்ளிக் கியரைக் குறைத்தேன். 3 வந்தது. மறுபடி குறைத்தேன். 2 வரவில்லை! வேகம் அதிகமாக இருந்தால் கீழ் கியருக்கு இறங்க அது சம்மதிக்காது. எஞ்சின் தெறித்துவிடக் கூடாதென்ற பாதுகாப்பு.

"மொதல்ல வேகத்தைக் கொறைங்க. பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமா மிதிங்க. எஞ்சினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

எடுத்து எடுத்து மிதித்தேன். பெடல் கொஞ்சம் மேலே வந்தது. அழுத்தினேன். முப்பது... இருபத்தைந்து... லிவரைத் தட்டினேன். 2! 'ங்ங்ங்...' என்று எஞ்சின் அலறியது. அந்த அலறல் மாதிரி இனிமையான சங்கீதத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி கார் தானாக அடங்கியது.

கொஞ்ச தூரத்தில் மலைச் சுவர்ப் பக்கமாக அகலமான இடம் இருந்தது. அங்கே நிறுத்தச் சொன்னார். எனக்கு எதிர்ப்பக்கம் நிழலாகத் தெரிந்தது. ஆனால் அது பள்ளத்துப் பக்கம். "தப்பிப் போனா சுவத்துல முட்டட்டும். ஆகாசத்துல முட்டக் கூடாது" என்றார். என் காரில் 'பி' என்கிற பார்க்கிங் நிலை கிடையாது. இந்த மாதிரிக் கார்களில் கியரில் வைத்தபடியேதான் எஞ்சினை நிறுத்த வேண்டும், கூடவே ஹேண்ட் பிரேக். 'பி' இருக்கிற கார் என்றால், முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் 'பி'. இல்லாவிட்டால் மொத்த வண்டியும் கியர்பாக்ஸில் இருக்கிற ஒரு சின்ன இரும்புப் பல்லில் தொங்கும். இரண்டையும் நம்பாத மாமனார், இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தார்.

முன் சக்கரத்தில் அனல் அடித்தது. பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். "ஊத்தாதடா! சூட்டுல ஊத்துனா வட்டு கோணிக்கும்" என்று தடுத்தார். "சும்மா வுடு. அதுவா ஆறும்."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் செல்போனில் ஒரு கணக்குப் போட்டேன். எங்களையும் பலாப்பழத்தையும் சேர்த்துக் கார் சுமார் 1200 கிலோ. மேலிருந்து கீழே 400 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அத்தனையையும் பிரேக்கே விழுங்கினால், 16 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு! ஒரு குடம் வெந்நீரை நாலு சின்னச் சக்கரத்துக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அதிலும் பெரும் பங்கு முன் சக்கரங்களுக்கு. பிரேக் குழாயில் இருக்கிற எண்ணெயும் கொதிக்கும். டாட் 3 என்கிற ரக எண்ணெய் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கும். நாளாக ஆகக் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் குடித்து, அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குமிழி. குமிழியை அழுத்தினால் அது அமுங்கும், பிரேக்குக்குப் போய்ச் சேராது. பஞ்சில் கால் வைத்த ரகசியம் இதுதான்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கீழ் கியரில் இறங்கு என்று அங்கே போர்டு வைத்திருப்பார்கள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன ஏழு பேரின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் உயிரோடு இல்லை. அன்றைக்குப் பேப்பரில் படித்துவிட்டு டீயைக் குடித்தவன்தான் நான். பச்சைமலைக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பையனைப் பார்த்தேன். பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு மட்டும் இப்படி ஆகலையா என்ன..." என்றார் மாமனார் திடீரென்று. "கொல்லிமலையில மொத வருஷம். டீசல் மிச்சம்னு நியூட்டர்ல எறக்கினேன். நாலாவது வளைவுல பிரேக்கு போச்சு. மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். உங்க மாமியாருக்கு இன்னி வரைக்கும் தெரியாது."

பின்னால் நின்ற என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே இதற்குள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும்.

பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. மிச்ச மலையை இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். செங்குத்தான இடத்தில் ஒன்று. வேகம் கூடினால் மட்டும் ஒரு அழுத்து, உடனே விடு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் போய்க் குறைக்காதே. ஸ்கூட்டர்காரர்கூட எங்களை முந்திப் போனார். போகட்டும். சோபனபுரம் வந்து சேர்ந்தபோது வலது காலில் வலியே இல்லை. பிரேக் எண்ணெயை மறுநாளே மாற்றினேன். பழைய எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது.

பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் பெரிய காலி மைதானம். மாமனார் டீயை ஆற்றிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார். "பரவால்ல மாப்ளே... எஞ்சின்ல வெச்சுப் புடிச்சா நிக்குது. நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா?"

எட்டு மாதத்தில் முதல் முறையாக அதைக் கார் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்! சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'டி'யில் போட்டார். கார் மெல்ல நகர்ந்தது. முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. கொஞ்சம் வேகம் எடுத்தார். அடுத்த கியர் போட வேண்டிய நேரம் வந்ததும், நாற்பது வருஷப் பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடி, கையில் கிடைத்த... மன்னிக்கவும், காலில் கிடைத்த அகலமான பெடலை ஓங்கி மிதித்தது.

பிரேக்!

பலாப்பழம் டிக்கியிலிருந்து பின் சீட்டு முதுகில் மோதியது. நான் டேஷ்போர்டில் மோதப் பார்த்தேன். கார் ஆணி அடித்த மாதிரி நின்றது.

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. மெதுவாகக் குனிந்து இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார்.